ஆள் எடுத்தலும் விடுத்தலும்: தென்சென்னை ரசிகர் மதிப்பீட்டியல் குறித்து ஓர் ஆய்வுரை

தமிழ் மண்ணில் நூலாசிரியர்கள் குறைந்த காலம் உண்டு. உரையாசிரியர்கள் குறைந்த காலம் இல்லை. இரண்டு வரி மூலம் கிடைத்தால் இருபது பக்கம் உரை எழுதிப் பழகிய கூட்டம் இது. அந்த மரபு அச்சகம் வந்ததோடு ஓய்ந்துவிட்டதாகப் பல்கலைக்கழகங்கள் நினைக்கின்றன. அவை மாலை வேளையில் லஸ் முனையில் நின்று டீ குடிப்பதில்லை. குடித்திருந்தால், 'சென்னையின் எஃப்.சி. புதிய இடதுபுறத் தற்காப்பு வீரரை ஒப்பந்தம் செய்தது' என்ற ஒற்றை வரிக்குப் பொழிப்புரை, விளக்கவுரை, மறுப்புரை மூன்றும் ஒரே கிளாஸ் டீ ஆறுவதற்குள் பிறப்பதைக் கண்டிருக்கும்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்றும் இந்த ஆய்வின் எல்லை. பெரம்பூர், வியாசர்பாடி ரசிகர்களைச் சேர்க்காததற்கு வன்மம் காரணமில்லை. அங்கே இருப்பவர்களில் பலருக்குப் பந்தாடத் தெரியும். ஆடத் தெரிந்தவரின் கருத்து தரவுகளின் தூய்மையைக் கெடுத்துவிடும்.

தகவலாளிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. அவர்கள் கேட்டுக்கொண்டதால் அல்ல. அடுத்த ஆண்டு இதே ஆளைப் பற்றி நேர்மாறாகப் பேசும் உரிமையை அவர்களிடமிருந்து பறிக்கக்கூடாது என்ற ஆய்வறத்தால்.

களமும் போக்குவரத்தும்

அணியின் வீடு பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கம். ஆடுகிறவர்கள் வடக்கேயிருந்து வருவார்கள், மதிப்பிடுகிறவர்கள் தெற்கேயிருந்து வருவார்கள், இருவரும் பெரியமேட்டில் சந்திப்பார்கள் என்பது நகரத்தின் பழைய ஏற்பாடு. அடையாறு ரசிகர் இந்திரா நகரிலோ கஸ்தூரிபா நகரிலோ பறக்கும் ரயில் ஏறுகிறார். மயிலாப்பூர் ரசிகர் திருமயிலையில் சேர்ந்துகொள்கிறார். கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி தாண்டினால் சேப்பாக்கம். கிரிக்கெட் மைதானத்தின் மதிலை ஒட்டிய அந்த நிலையத்தில் இறங்காமல் உட்கார்ந்திருப்பதே கால்பந்து ரசிகரின் முதல் நோன்பு. பிறகு சிந்தாதிரிப்பேட்டை, பார்க் டவுன். தியாகராய நகர்க்காரருக்கு மாம்பலத்திலிருந்து பார்க் வரை புறநகர் ரயில். அவருக்குச் சோதனை ரயிலில் இல்லை, ரங்கநாதன் தெருவைக் கடந்து நிலையத்தை அடைவதில் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கும் மேலாகப் பறக்கும் ரயில் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தப்பட்டது. கடற்கரை - எழும்பூர் நான்காவது பாதை வேலை. மிச்ச தூரம் நடை, அல்லது ஆட்டோவோடு வாக்குவாதம். அந்தப் பருவத்தில் பதிவான மதிப்பீடுகள் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தன. அதற்குக் காரணம் நடுக்களமா நடையா என்று பிரித்தறியும் புள்ளியியல் உத்தி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அரங்குக்குள் 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்ற ரசிகர் குழுக்கள் முரசடித்துப் பாடி தொண்டையைக் கிழித்துக்கொள்வதைக் காணலாம். அவர்கள் நமது ஆய்வுப் பொருள் அல்லர், அவர்கள் ஆதரிக்கிறார்கள். நமது ஆய்வுப் பொருள் அவர்களுக்கு நாலு வரிசை மேலே, கையைக் கட்டிக்கொண்டு, "இவனை எவன்யா எடுத்தது?" என்று கேட்பவர்.

மூலபாடச் சிக்கல்

எந்த உரைக்கும் மூலபாடம் தெளிவாக இருக்க வேண்டும். இங்கே மூலத்திலேயே ஒரு கோளாறு உண்டு. தென்சென்னை ரசிகரின் பிற்காலக் குணங்கள் அனைத்துக்கும் விதை அதுதான் என்பது என் துணிபு.

இந்தியன் சூப்பர் லீக் பிறந்த ஆண்டு 2014. அந்த ஜூலையில் மும்பையில் உள்நாட்டு வீரர்களுக்கான டிராஃப்ட் நடந்தது. லீகோடு ஒப்பந்தமான 84 பேர், ஆறு அணிகள், 14 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் அணியும் ஒருவரை எடுத்தது. கோவாவும் வடகிழக்கும் ஏற்கெனவே இருந்த கிளப்புகளின் ஆட்களை வைத்துச் சமாளித்துக்கொண்டதால் மேசைக்கு வரவில்லை. கணக்குப் போட்டால் ஆறு பதினாலு எண்பத்து நாலு. ஒருவர்கூட மிச்சமில்லை. மிச்சமே இல்லாத இடத்தில் 'தேர்வு' என்ற சொல்லை எந்த அளவுக்குப் பொறுப்போடு பயன்படுத்தலாம் என்பது தனி ஆய்வுக்குரியது.

ஆனால் கோளாறு அதுவல்ல. அந்த மேசையில் சென்னை என்றொரு அணி இல்லை. இருந்தது பெங்களூரு, உரிமையாளர் நம்மூர் சன் குழுமம். ஆகஸ்டில் அவர்கள் விலகினார்கள். அந்த இடத்துக்கு அபிஷேக் பச்சனும் வீடா டானியும் வந்தார்கள், அணி சென்னையின் எஃப்.சி. ஆயிற்று, அக்டோபரில் தோனியும் பங்குதாரர் ஆனார். அதாவது, சென்னைக்காரர்கள் பெங்களூருக்காக எடுத்த ஆட்களை மும்பைக்காரர்கள் சென்னைக்காக வாங்கினார்கள். ராஞ்சிக்காரர் ஒருவர் பங்கு சேர்ந்தார். பயிற்சி கொடுக்க இத்தாலியிலிருந்து மார்கோ மடெராசி வந்தார். 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிதானின் தலையை நெஞ்சில் வாங்கியவர். மண்ணின் மணம் என்பது இதுதான்.

இதனால் விளைந்தது என்ன? தென்சென்னை ரசிகர் தம் முதல் அணியை எடுத்ததற்கு யாரையும் திட்ட முடியவில்லை. எடுத்தவர் அணியில் இல்லை. அணியில் இருப்பவர் எடுக்கவில்லை. திட்ட ஆளில்லாத அந்த முதல் பருவத்தில்தான் அணி லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பிரேசில்காரர் எலானோ எட்டு கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்து, கூடுதல் நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியேறியது. இந்த நிகழ்வுக்குப் பிறகே மதிப்பீட்டியல் ஒரு துறையாக உருவெடுக்கிறது. தோல்வி இல்லாமல் உரை இல்லை.

மூன்று மரபுகள்

மயிலாப்பூர் மரபு மிகப் பழையது. அதன் தலைமைத் தகவலாளி ஓய்வு பெற்ற வங்கி ஊழியர். இந்தியன் வங்கியும் ஐசிஎஃபும் மோதிய காலத்து ஆட்டங்களைப் பார்த்தவர். அந்தக் காலத்தில் ஓர் ஆட்டக்காரரை எடுப்பது என்றால் வேலை போட்டுக் கொடுத்து எடுப்பது: காலையில் பயிற்சி, பத்து மணிக்கு மேசை, ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ பென்ஷன். "மூணு மாச கான்ட்ராக்ட்ல எவன் சார் உயிரைக் கொடுத்து ஆடுவான்? ஒரு இன்க்ரிமென்ட் கிடையாது, பி.எஃப். கிடையாது" என்பது அவருடைய அடிப்படைச் சூத்திரம். ஐ.எஸ்.எல்.லின் முதல் பருவம் அக்டோபரில் தொடங்கி டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது.

தியாகராய நகர் மரபு விலையிலிருந்து தொடங்குகிறது. இதற்கு வாய்ப்பளித்தது 2015 ஜூலை. அந்த ஆண்டு டிராஃப்டோடு பத்துப் பேருக்கு மட்டும் ஏலமும் நடந்தது. சுனில் சேத்ரி 1.2 கோடிக்கு மும்பைக்குப் போனார். யூஜீன்சன் லிங்டோ 1.05 கோடிக்குப் புனேவுக்கு. சென்னை எடுத்தது இருவரை: கோல்கீப்பர் கரண்ஜித் சிங் 60 லட்சம், தோய் சிங் 86 லட்சம். பாண்டி பஜார் நகைக்கடையில் வேலை பார்க்கும் தகவலாளியிடம் இந்தத் தொகைகள் சொல்லப்பட்டபோது அவர் கேட்ட ஒரே கேள்வி: "செய்கூலி, சேதாரம் சேர்த்தா?" கால்பந்தில் சேதாரம் முழங்காலில் வரும் என்று விளக்கியதும் அவர் விலை அதிகம் என்று முடிவு கட்டினார். தோய் சிங் அதன்பின் பல பருவங்கள் சென்னையிலேயே ஆடினார், இரண்டு கோப்பைகளில் கை வைத்தார். அதைச் சொன்னபோது, "அப்போ பழைய ரேட்டுக்குப் பரவாயில்லை" என்றார். இந்த மரபில் இதுவே ஆகக் கூடிய பாராட்டு.

அடையாறு மரபு இளையது, மடிக்கணினியோடு வருவது. இவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆட்டத்தின் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். எக்ஸ்ஜி என்கிற கோல் வாய்ப்புக் கணக்கு என்ன, எத்தனை பாஸ் முன்னோக்கிப் போனது, எந்த இடத்தில் வெப்பம் அதிகம் என்று வண்ணம் வண்ணமாகக் காட்டுவார்கள். அரை மணி நேர விளக்கத்துக்குப் பிறகு அவர்கள் அடையும் முடிவு: "ஒரு ஸ்ட்ரைக்கர் வேணும்." மயிலாப்பூர் பெரியவர் இதைக் கணினி இல்லாமல், இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லியிருந்தார்.

இந்த மூவகைப் பகுப்பு கறாரானதன்று. வாடகை ஏறியதில் மயிலாப்பூர் மரபினர் பலர் மேடவாக்கத்தில் குடியிருக்கிறார்கள். சனிக்கிழமை காபிக்கு மட்டும் மரபுக்குத் திரும்புகிறார்கள்.

முதன்மைக் கருதுகோள்

ஆய்வின் மையத்துக்கு வருவோம். ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு அவர் அணியில் சேரும்போது ஐயத்துக்குரியதாகவும், ஆடும்போது குறைந்துகொண்டேயும், விலகிய மறுநாள் அளவிட முடியாததாகவும் ஆகிறது. இதை விலகியோர் தேற்றம் என்று அழைக்கலாம்.

முதல் சான்று, லாலியன்சுவாலா சாங்தே. 2019-20 பருவத்தில் சென்னைக்காக ஏழு கோல் போட்ட மிசோரம் பையன். அடுத்த பருவத்தில் கோல் வாய்ப்புகளைத் தவறவிட்டபோது நாலு வரிசை மேலே எழுந்த சொற்களை அச்சில் ஏற்ற முடியாது. "இவனுக்குக் கோல் போஸ்ட் எங்கே இருக்குன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்பது அவற்றில் சைவமானது. 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23 பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து அவருக்கு. அதே பருவத்தின் தங்கக் கையுறையை வாங்கியவர் விஷால் கைத். அவரும் 2022இல் சென்னையை விட்டுக் கொல்கத்தாவுக்குப் போன கோல்கீப்பர். ஆக, நாட்டின் சிறந்த தாக்குநரும் சிறந்த காவலரும் ஒரே ஆண்டில் முன்னாள் சென்னைக்காரர்கள். அந்த ஆண்டு சென்னை எட்டாமிடம். அதற்கு முந்திய ஆண்டும் எட்டு. அதற்கும் முந்திய ஆண்டும் எட்டு. இத்தகைய சீரான செயல்பாட்டை வேறெந்த அணியிலும் காண்பதரிது.

தேற்றத்தின் எதிர்மறுதலை 2018-19இல் கிடைத்தது. பயிற்சியாளர் ஜான் கிரகரியின் அணி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூருவை 3-2 என்று வென்று இரண்டாம் முறை கோப்பை எடுத்தது. மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் உள்ளே அனுப்பினார், மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. பெங்களூருக்கென்று எடுத்த ஆட்களோடு பிறந்த அணி பெங்களூரிலேயே போய்க் கோப்பை வாங்கியதில் மூலபாடச் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது எனலாம். ரசிகர் ஒரே குரலில் கேட்டார்: "ஒருத்தனையும் விடாதீங்க." நிர்வாகம் பெருமளவுக்குக் கேட்டது. மைல்சன், ரஃபேல், கால்டெரோன், நெல்சன், ஜேஜே எல்லாரும் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் 18 ஆட்டம், 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, கடைசி இடம். முந்திய பருவத்தில் ஒன்பது கோல் போட்ட ஜேஜே லால்பெக்லுவா இந்த முறை போட்டது ஒன்று. அதே ரசிகர் அதே குரலில் கேட்டார்: "எதுக்கு எல்லாரையும் வெச்சிருக்கான்?"

எனவே தேற்றத்துக்கு ஒரு துணை விதி வேண்டியதாகிறது: விட்டால், ஏன் விட்டாய், வைத்தால், ஏன் வைத்தாய். இவ்விதிக்கு விலக்கு இல்லை. 2018 ஜனவரி ஐ.பி.எல். ஏலத்தில் சூப்பர் கிங்ஸ் முப்பது தாண்டியவர்களாக எடுத்தபோது இதே தகவலாளிகள் "முதியோர் இல்லம்" என்று சிரித்தார்கள். மே 27 அன்று அந்த இல்லம் கோப்பை வாங்கியது. அன்றிரவு பனகல் பூங்கா அருகே பட்டாசு வெடித்தவர்களுள் அவர்களும் இருந்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்யலாம். குற்றமாக அல்ல, தரவாக.

2015இன் பாடமும் இதே திசையில்தான். அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் முடிந்தபோது சென்னை அடிமட்டத்தில் கிடந்தது, பத்துப் புள்ளியோடு. அப்போது ஸ்டிவன் மென்டோசாவைத் தவிர மற்ற எல்லாரையும் ரயிலேற்றிவிடத் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. பிறகு மிச்ச நான்கு லீக் ஆட்டத்திலும் வெற்றி. டிசம்பரில் வெள்ளம், அடையாறு வீடுகளுக்குள் அடையாறே வந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்கு மாறியது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டாவில் தொண்ணூறாவது நிமிடம் வரை 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, எதிரணிக் கோல்கீப்பரின் சொந்தக் கோலாலும் மென்டோசாவின் பதின்மூன்றாவது கோலாலும் 3-2 என்று வென்றது. ரயிலேற்றப்பட்டவர்கள் அனைவரும் ஒரே இரவில் இறக்கப்பட்டார்கள்.

மதிப்பீட்டுக்குத் தகுந்த பருவம் எது என்ற கேள்வி இங்கே எழும். அமெரிக்காவில் அவர்களுடைய கால்பந்துக்கு 1936 முதல் டிராஃப்ட் நடக்கிறது. கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, மறுநாளே பத்திரிகைகள் பள்ளிக்கூடம்போல ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டுவிடும். நம்முடைய டிராஃப்ட் 2017 ஜூலையோடு நின்றுபோனது. 205 பேர் அடங்கிய அந்தக் கடைசிப் பட்டியலுக்குப் பின் அணிகள் நேரடியாகப் பேசி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கான விடைத்தாள் திருத்தம் தென்சென்னையில் இன்றும் முடியவில்லை. மந்தைவெளியில் ஒருவர் அந்தப் பட்டியலின் நான்காம் சுற்றில் இருக்கிறார்.

இடைப்பிறவரல்: ஒரு நியாயமான புகார்

கேலி ஒருபுறம் இருக்க, ஓர் இடத்தில் டீக்கடை சொல்வதில் சாரம் இருக்கிறது. ஆரம்பத்தில் ஐ.எஸ்.எல். ஆட்டத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் இறங்கலாம். 2017-18இல் அது ஐந்தாகக் குறைந்தது, 2021-22இல் நான்காக. அதாவது, களத்தில் ஏழு பேர் இந்தியர். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சந்தையில் அலசி எடுக்கலாம். 2019இல் யாருக்கும் தெரியாத லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸையும் பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோவையும் எடுத்ததில் சென்னை கெட்டிக்காரத்தனம் காட்டியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோலும் இல்லாத அணி, பயிற்சியாளராக ஓவன் காயில் வந்த பிறகு இறுதி வரை போனது. ஆனால் தரமான இந்திய ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணத் தக்கது. போனால் சந்தையில் கிடைக்காது. அந்த எண்ணிக்கைக்கு மதிப்புக் கூடிய அதே இரண்டு ஆண்டுகளில் சாங்தே, கைத், 2023இல் அனிருத் தாபா என்று மூவரும் போனார்கள். இதில் நிர்வாகத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம்: கூடுதல் சம்பளம், கோப்பை ஆசை, ஒப்பந்தக் கெடு. காரணங்களை ரசிகர் கேட்டுக்கொள்ளலாம். எட்டாமிடத்தை மூன்று முறை கேட்டுக்கொள்வது கஷ்டம்.

நம்ம பையன் வாதம்

தென்சென்னை மதிப்பீட்டின் மிக உணர்ச்சிகரமான அதிகாரம் இது. பட்டியல் வெளியான உடனே கண் மேலிருந்து கீழே ஓடி ஒரு தமிழ்ப் பெயரைத் தேடும். தனபால் கணேஷ் இருந்த ஆண்டுகளில் அது உடனே நின்றது. வியாசர்பாடிப் பையன், 2018 மார்ச் 13 அன்று கோவாவுடனான அரையிறுதியில், நம்ம அரங்கில், நம்ம ரசிகர் முன் கோல் போட்டவர், நாலு நாள் கழித்துக் கோப்பை இறுதியிலும் தொடக்க அணியில் இருந்தவர். அவரைப் பற்றி எந்த மரபும் குறை சொன்னதாகப் பதிவு இல்லை. விலகியோர் தேற்றத்துக்கு அறியப்பட்ட ஒரே விதிவிலக்கு.

மற்றபடி சரித்திரம் நெஞ்சை அடைக்கும். சென்னைக்காரர் நந்தகுமார் சேகர் டெல்லிக்குப் போய், ஒடிசாவுக்குப் போய், 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலைப் போட்டுக் கொல்கத்தாவின் பாதியை அழவைத்தார். கன்னியாகுமரிக் கடற்கரையின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூர் போனார். 2018-19இல் சென்னையின் எஃப்.சி. கடைசியாக வந்த அதே பருவத்தில் சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன் ஆனது, பெயரில் சென்னையையும் ஆட்டத்தில் கோயம்புத்தூரையும் வைத்துக்கொண்டு. அந்த அணியின் எட்வின் சிட்னி வான்ஸ்பாலை 2019இல் எடுத்தபோது மயிலாப்பூர் பெரியவர் முதல்முறையாக "சரி" என்றார்.

இவ்விடத்தில் ஆய்வாளர் தம் நடுநிலையைச் சற்றே கைவிட வேண்டியிருக்கிறது. நம்ம பையன் வேண்டும் என்று கேட்கும் தகவலாளிகளிடம், சென்னை லீகில் இப்போது ஆடும் நம்ம பையன்களில் ஐந்து பெயர் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டது. அடையாறு மரபினர் மடிக்கணினியைத் திறந்தார்கள். தியாகராய நகர்க்காரர் கடைக்குக் கூட்டம் வந்துவிட்டது என்று கிளம்பினார். அந்த லீக் ஆட்டங்கள் அதே பெரியமேட்டு அரங்கில் நடந்த ஆண்டுகளிலும் சிந்தாதிரிப்பேட்டை ரயிலில் தென்சென்னைக் கூட்டம் இருந்ததில்லை.

அகத்திணை வழி விளக்கம்

மேற்கண்ட போக்குகளை விளக்க ஐரோப்பியக் கோட்பாடுகள் போதவில்லை. தொல்காப்பியர் போதுமானவராக இருக்கிறார். ரசிகர் தலைவி, ஆட்டக்காரர் தலைவன், ஏஜென்ட் பாணன். இதை ஏற்றுக்கொண்டால் எல்லாம் துலங்கும்.

அனிருத் தாபா கொல்கத்தாவுக்குப் போனது பாலைத்திணை, பொருள்வயிற் பிரிவு. 2016இல் இளைஞராக வந்து, வளர்ந்து, தலைவராகி, பொருள் தேடிப் போனார். தலைவி இங்கே சுரத்தின் வெம்மையைப் பாடவில்லை, சம்பளத்தைப் பாடினாள் என்பதே வேறுபாடு. வால்ஸ்கிஸ் வேறு வகை. 2019-20இல் பதினைந்து கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியவர், பயிற்சியாளர் காயில் ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பியதும் அவரோடு கிளம்பிவிட்டார். இது ஐயமின்றி உடன்போக்கு. அன்று நாகேஸ்வர ராவ் பூங்காவில் தகவலாளிகள் இருந்த நிலை செவிலித்தாயின் நிலை: "போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னானா?" உடன்போனவர்கள் பிற்பாடு தனித்தனியே திரும்பினார்கள், வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில், காயில் 2023இல். இதற்கு இலக்கணத்தில் துறை இல்லை. முன்னாள் தலைவன் வேறு நிறச் சட்டையில் சென்னை வந்து, கோலும் போட்டுவிட்டு, பழைய பாசத்தில் ரசிகரைப் பார்த்துக் கைதட்டும் காட்சி மருதம். பரத்தை வீட்டிலிருந்து வந்தவனுக்கு வாயில் மறுப்பதுபோல நாலு வரிசை மேலே எல்லாரும் செல்பேசியைப் பார்ப்பார்கள். 2018-19 முழுக்க நெய்தல். குறிஞ்சி என்பது ஒப்பந்தம் அறிவித்த நாள் மட்டும். ஒரு மாலைக்குமேல் நீடித்ததாகத் தகவல் இல்லை.

முல்லைக்கு இடம் தராமல் விட்டிருப்பேன். 2025 வந்து தந்தது. முல்லையில் தலைவன் கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப் போவான். ஐ.எஸ்.எல்.லும் அப்படித்தான், வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே தொடங்கிப் பழகியது. அந்த ஆண்டு லீகின் வணிக உரிமை ஒப்பந்தம் சிக்கலில் மாட்டி, பருவம் தொடங்கும் நாளே தெரியாமல் போயிற்று. மழை வந்தது, லீக் வரவில்லை. அதற்கு முந்திய பருவத்தில் பதினொன்றாம் இடம் பிடித்திருந்த சென்னைக்குக் கிளிஃபர்ட் மிராண்டா என்ற கோவாக்காரர் பயிற்சியாளராகப் பெயரளவில் இருந்தார். அட்டவணை இல்லை, ஒளிபரப்பு இல்லை. மதிப்பிட ஒன்றும் இல்லாத நிலையில் மதிப்பீடு என்ன ஆகும் என்று அறிய ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்காது. தூறலில் லஸ் முனையில், மயிலாப்பூர் பெரியவரும் அடையாற்று இளைஞரும் ஒரே கடைக் கூரையின் கீழ் ஒதுங்கி நின்றபோது எடுத்த குறிப்பு இது:

"லீக் எப்போப்பா ஆரம்பம்?"

"தெரியல சார். கோர்ட்டுல இருக்கு."

"நடக்குமா?"

"அதுவும் தெரியல சார்."

"சரி விடு. லெஃப்ட் பேக் யாரு?"

"ஐயோ, அதைக் கேக்காதீங்க சார்" என்று இளைஞர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். பெரியவர் இன்னும் இரண்டு டீ சொன்னார்.